உலைக்கு முன்னால் ஏதோ சரியில்லை என்றால்: புதிதாக இரும்படிப்பவருக்கு

இரும்படிக்கக் கற்க வருபவர் முதலில் பயப்படுவது நெருப்புக்கு. நல்ல பயம்தான். ஆனால் நெருப்பு ஒளிந்துகொள்வதில்லை. அனலடித்ததுமே நாம் விலகிவிடுகிறோம். விலகத் தோன்றாத இடங்களில்தான் ஆபத்து அதிகம்: மணமே இல்லாத வாயு, கறுத்துப்போய் ஆறிவிட்டதுபோல் கிடக்கும் இரும்பு, வாய் பொருந்தாத குறடு, தலை நசுங்கிப் பிசிறு கட்டிய உளி. இவை பெரும்பாலும் முதலில் ஒரு சின்ன அறிகுறியைக் காட்டும். அந்த நேரம் பார்த்துக் கையில் பழுத்த இரும்பு இருக்கும். "இன்னும் ஒரே ஒரு தடவை காய்ச்சி அடித்தால் முடிந்துவிடும்" என்று மனம் சொல்லும். அந்த ஒரு தடவையைத்தான் விட்டுவிட வேண்டும். அரைகுறையாக நின்ற வேலையை நாளைக்குக் காய்ச்சி அடித்துக்கொள்ளலாம், இரும்பு காத்திருக்கும்.

உங்களுக்கு என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள்.

தலை வலிக்கிறது, கிறுகிறுக்கிறது, குமட்டுகிறது

இதை முதலில் வைக்கக் காரணம், பலர் இதை வெயில், களைப்பு, பசி என்று எண்ணி வேலையைத் தொடர்வதுதான். உலை எரிகிற இடத்தில் தலைவலி வந்தால், வேறு காரணம் உறுதியாகும் வரை அதைக் கார்பன் மோனாக்சைடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நிறம் இல்லை, மணம் இல்லை. நிலக்கரி, மரக்கரி, கேஸ் மூன்றிலிருந்தும் வரும். இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இது ஒட்டிக்கொள்கிறது. மூச்சு வழக்கம்போல ஓடும், ஆனால் உடம்புக்குச் சேர வேண்டியது சேராது. யோசிக்கும் திறனும் மங்கிப்போவதால், "எனக்கு ஒன்றும் இல்லை" என்று சொல்பவரின் பேச்சை நம்ப முடியாது.

கைக்கு எட்டினால் கேஸை மூடுங்கள் அல்லது ஊதும் காற்றை நிறுத்துங்கள். எட்டாவிட்டால் அதையும் விட்டுவிட்டு வெளியே போங்கள். கூட இருப்பவர்களையும் அழைத்துக்கொண்டு போங்கள். திறந்த வெளியில் உட்காருங்கள். வெளியே வந்த கொஞ்ச நேரத்தில் தலை தெளிந்தால், அதுவே காரணம் உள்ளேதான் இருக்கிறது என்பதற்கு நல்ல சாட்சி. குழப்பம், நெஞ்சுவலி, மயக்கம், நிற்காத வாந்தி இருந்தாலோ, பாதிக்கப்பட்டவர் கர்ப்பிணியாக இருந்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் இரத்தத்தில் உள்ள இந்த வாயு பாதியாகக் குறையவே நான்கைந்து மணி நேரம் ஆகும். மருத்துவமனையில் ஆக்சிஜன் கொடுத்தால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். தலை தெளிந்துவிட்டது என்று அன்றே திரும்பி வந்து உலையை மூட்டாதீர்கள்.

சரி, ஏன் வந்தது? ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால் போதும் என்று நினைத்திருப்பீர்கள். போதாது. எதிரெதிராக இரண்டு பெரிய திறப்புகள் வேண்டும், அல்லது கூரை மட்டும் உள்ள திறந்த இடம் வேண்டும். கேஸ் உலையில் புகை தெரிவதில்லை என்பதால் அது சுத்தம் என்று தோன்றும். உலை வாயிலிருந்து நீளமாக மஞ்சள் நாக்கு நீண்டால் உள்ளே காற்றுப் பற்றாமல் கேஸ் எரிகிறது, மோனாக்சைடும் கூடுகிறது என்று பொருள். கரி உலையில் வேலை முடிந்து கனல் அடங்கும் நேரமும் இதே அளவு மோசம். கனன்றுகொண்டிருக்கும் கரியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள். சுத்தியல் வாங்கும் முன் வாங்க வேண்டிய கருவி இதுதான் என்பது என் கருத்து. அது கத்தினால் பேட்டரியைக் கழற்றாதீர்கள், வெளியே போங்கள்.

காற்று நன்றாக ஓடுகிற இடத்திலும் தலை சுற்றினால், வெப்பத்தால் வரும் சோர்வாக இருக்கலாம். நிழல், தண்ணீர், ஓய்வு. வியர்வை நின்று உடல் கொதித்தாலோ பேச்சு குழறினாலோ அது அவசரநிலை. உடம்பைத் தண்ணீரால் நனைத்துக் குளிர்வித்துக்கொண்டே உதவிக்கு அழையுங்கள்.

இரும்பிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது, பஞ்சுபோல் ஏதோ மிதக்கிறது

மூச்சைப் பிடித்துக்கொண்டு காற்றையோ கேஸையோ நிறுத்திவிட்டு வெளியேறுங்கள். அது துத்தநாகம். தீயின் ஓரத்தில் பச்சை கலந்த நீலம் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். இரும்பை அடிக்க நாம் காய்ச்சுவதோ ஆயிரத்துக்கு மேல். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப், பழைய வேலிக்கம்பி, பளபளக்கும் போல்ட் எதையாவது உலையில் போட்டிருப்பீர்கள்.

அன்றிரவு காய்ச்சல், குளிர் நடுக்கம், உடல்வலி, வாயில் உலோகச் சுவை, வறட்டு இருமல் வரலாம். சுவாசித்த உடனே வராது. சில மணி நேரம் கழித்துத்தான் வரும். அதனால் பலர் ஏதோ சளிக்காய்ச்சல் என்று விட்டுவிடுகிறார்கள். துத்தநாகத்தால் வந்தது பெரும்பாலும் ஓரிரு நாளில் தணிந்துவிடும். பால் குடித்தால் முறிந்துவிடும் என்று சொல்வார்கள், அதை நம்பி இருக்காதீர்கள். ஏனென்றால் காட்மியம் பூசிய போல்ட்டின் புகையும் தொடக்கத்தில் இதே காய்ச்சல்போலத்தான் இருக்கும், அப்புறம் நுரையீரலில் நீர் கோத்து உயிரையே எடுக்கலாம். இரண்டு பூச்சையும் கண்ணால் பிரித்தறிய முடியாது. எனவே பூச்சு எரிந்த புகையைச் சுவாசித்தபின் மூச்சு இரைத்தாலோ, நெஞ்சு இறுகினாலோ, இருமல் கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் மருத்துவரிடம் போய், "பூச்சுள்ள உலோகம் எரிந்த புகையைச் சுவாசித்தேன்" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் காய்ச்சலுக்குத்தான் மருந்து கிடைக்கும்.

தீர்வு எளிது: பூச்சுள்ள எதையும் உலையில் போடாதீர்கள். குரோம் பூசியதும் வேண்டாம், பழைய பெயின்ட் அடித்ததும் வேண்டாம், அதில் ஈயம் இருக்கலாம். தேய்த்து எடுத்துவிட்டுக் காய்ச்சலாமே என்றால், தேய்க்கும் தூளும் மூக்குக்குள்தான் போகும். பழைய இரும்பை வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான், ஆனால் கற்கிற காலத்தில் பூச்சில்லாத புதிய மைல்ட் ஸ்டீல் கம்பியிலேயே பழகுங்கள். அது விலை குறைந்த இரும்பு, அடிக்கவும் எளிது.

கை சுட்டுவிட்டது

பெரும்பாலான சூட்டுப்புண் சிவந்த இரும்பால் வருவதில்லை. சிவப்பை யாரும் தொடமாட்டார்கள். வெளிச்சமான இடத்தில் சுமார் 500 டிகிரிக்குக் கீழே இரும்பு ஒளிர்வது கண்ணுக்குத் தெரியாது. 400 டிகிரியில் பார்த்தால் வெறும் கறுப்பு. நான் கற்ற காலத்தில் கொக்கி ஒன்றை அடித்துப் பட்டடை ஓரத்தில் வைத்துவிட்டு, தண்ணீர் குடித்து வந்து, எடுத்துப் பார்க்கலாம் என்று இரண்டு விரலால் தூக்கினேன். விரல் நுனித் தோல் அதிலேயே ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து பட்டறையில் கிடக்கும் எந்த இரும்பையும், நானே வைத்ததாக இருந்தாலும், புறங்கையை ஓரங்குலம் மேலே நீட்டிப் பார்க்காமல் எடுப்பதில்லை. அனல் தெரிந்தால் சூடு. தெரியாவிட்டாலும் முதலில் குறட்டால் தூக்கிப் பாருங்கள். ஆற வைக்கும் இரும்புக்கென ஒரே ஓர் இடம் ஒதுக்கி, அங்கே கிடப்பதெல்லாம் சூடு என்று எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

சுட்டதும் மோதிரம், கடிகாரம், கயிறு எதுவானாலும் கழற்றுங்கள், வீங்கினால் கழற்ற முடியாது. ஓடுகிற சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் வலி குறைந்தது என்று எடுத்துவிடாதீர்கள். மேல்தோல் ஆறினாலும் உள்ளே சூடு வேலை செய்துகொண்டிருக்கும், அதை வெளியே எடுக்கத்தான் அந்த 20 நிமிடம். ஐஸ், எண்ணெய், பற்பசை, மாவு எதுவும் வேண்டாம். துணி ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள். அப்புறம் சுத்தமான பிளாஸ்டிக் உறையாலோ ஒட்டாத கட்டுத்துணியாலோ மூடலாம். முகம், மூட்டு, உள்ளங்கை சுட்டிருந்தாலும், புண் உங்கள் கையளவு இருந்தாலும், வெளுத்தோ கருகியோ வலியே இல்லாமல் இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். வலி இல்லை என்றால் ஆறிவிட்டது என்று பொருளல்ல, நரம்பு வரை வெந்திருக்கலாம்.

கையுறை போட்டிருந்தும் சுட்டதா? அது ஈரமாக இருந்திருக்கும். ஈரத் தோல் கையுறையில் சூடான இரும்பைப் பிடித்தால் உள்ளே நீராவிதான் கிடைக்கும். கையுறை சூட்டைத் தாமதப்படுத்துமே தவிரத் தடுக்காது. சுரீரென்று தெரிவதற்குள் தோல் வெந்துவிடும், இறுக்கமான கையுறையோ கழன்று வராது. குறடு பிடிக்கும் கைக்கு மட்டும், உதறினால் கழன்று விழும் அளவுக்குத் தளர்வான தோல் கையுறை போதும். சுத்தியல் கைக்கு வேண்டாம், பிடி நழுவும்.

பாதத்தில் சுட்டால், அடிக்கும்போது இரும்பிலிருந்து உதிரும் சூடான செதில் காலணியில் விழுந்திருக்கிறது. கணுக்கால் மூடும் தோல் பூட்ஸ், அதன் வெளியே விழும் மடிப்பில்லாத பேன்ட். உடை பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் உருகித் தோலோடு ஒட்டும்.

கண்ணில் ஏதோ உறுத்துகிறது

கசக்காதீர்கள். செதிலோ தூசியோ மெதுவாக விழுந்தது என்றால் சுத்தமான தண்ணீரை 15 நிமிடம் ஊற்றிக் கழுவுங்கள். கிரைண்டர், கம்பி பிரஷ் சக்கரம், உளி ஆகியவற்றிலிருந்து விசையோடு தெறித்தது என்றால் கழுவவும் வேண்டாம், அழுத்தவும் வேண்டாம். ஒரு காகிதக் கோப்பையைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டி மருத்துவமனைக்குப் போங்கள். காந்தம் வைத்து இழுக்கும் யோசனை யாருக்கு வந்தாலும் அவரைத் தள்ளி நிறுத்துங்கள். இரும்புத் துகள் கண்ணுக்குள் தங்கினால் துருப்பிடித்துச் சுற்றியுள்ள திசுவையும் கெடுக்கும். பிற்காலத்தில் எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தாலும், இரும்பு வேலை செய்தவர், கண்ணில் துகள் பட்டது உண்டு என்று முன்பே சொல்லிவிட வேண்டும். அந்தக் காந்தம் துகளை அசைத்துவிடும்.

கண்ணாடி போட்டிருந்தும் பட்டது என்றால் பக்கவாட்டு மறைப்பு இல்லாத சாதாரணக் கண்ணாடியாக இருக்கும். ஏ.என்.எஸ்.ஐ. இசட்87.1 அல்லது இ.என். 166 என்ற பாதுகாப்புத் தரக் குறி பொறித்ததை வாங்குங்கள். கம்பி பிரஷ் சக்கரத்தில் அறுந்த கம்பிகள் ஊசிபோல் பறப்பதால், அதற்கு முகமறைப்பும் சேர வேண்டும்.

எண்ணெயில் துவைத்தபோது தீப்பிடித்தது

துவைச்சல் போடும்போது, அதாவது பழுத்த இரும்பைக் கடினமாக்க எண்ணெயில் முக்கும்போது, எண்ணெய் மேலே ஒரு கணம் தீ எழுவது நடக்கும். தீ வந்தது என்று பதறி இரும்பைப் பாதியில் வெளியே இழுப்பதுதான் புதியவர் செய்யும் பெரிய தவறு. பாதி முங்கிய சூடான இரும்பு விளக்குத் திரிபோல் வேலை செய்யும். முழுக்க உள்ளே அமுக்குங்கள், தீ பெரும்பாலும் தானே அணையும். அணையாவிட்டால் இரும்பை உள்ளேயே விட்டுவிட்டு உலோக மூடியால் மூடி, உலையை நிறுத்திவிட்டு, நன்றாக ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஒரு துளியும் ஊற்றக் கூடாது; எண்ணெய்க்கு அடியில் போன தண்ணீர் ஆவியாகி எரியும் எண்ணெயை அள்ளி வீசும். இதே காரணத்தால் மழை நனைந்த எண்ணெய் டின்னும் வேண்டாம். உலர்பொடி அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில், ஆனால் உலையைத் தாண்டி எடுக்க வேண்டாத பக்கத்தில் இருக்கட்டும்.

மறுபடி நடக்காமல் இருக்க: கலம் இரும்பாக இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. சின்னக் கத்திக்கே நாலைந்து லிட்டர் எண்ணெய் வேண்டும், குறைவாக இருந்தால் மொத்த எண்ணெயும் சூடேறிப் பற்றிக்கொள்ளும். எஞ்சின் கழிவெண்ணெய் வேண்டாம், அதன் புகையில் என்னென்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூடியை முதலில் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்த பிறகுதான் கத்தியைக் காய்ச்ச வேண்டும்.

துவைக்கும்போது குழாயின் மேல்முனையிலிருந்து கொதிநீர் பீறிட்டதா? உள்கூடான எதையும் தண்ணீரில் விடும்போது முகத்தையும் கையையும் விலக்கி வையுங்கள். இரு முனையும் அடைத்த குழாயை உலையில் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் இருந்தால் அது வெடிகுண்டு. சிமெண்ட் தரையில் பழுத்த இரும்பை வைத்துப் பொரிந்து தெறித்ததும் இதே கதைதான், உள்ளிருந்த ஈரம் ஆவியாகிறது. மணல் தட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் உலர்ந்த மணல்.

உலை "டப்" என்று சத்தம் போடுகிறது

கேஸ் உலையில் டப் டப் என்று அடித்தால் தீ பர்னருக்குள் பின்வாங்குகிறது. அழுத்தம் மிகக் குறைவு, நாசில் அடைப்பு, அல்லது பர்னர் அளவுக்கு மீறிச் சூடானது. சிலிண்டர் வால்வை மூடி, ஆறவிட்டு, நாசிலைச் சுத்தம் செய்யுங்கள். தீ அணைந்துபோனால் உடனே தீக்குச்சியைக் கொண்டு போகாதீர்கள். வால்வை மூடி, உள்ளே தங்கியது கலையச் சில நிமிடம் விட்டு, முதலில் எரியும் காகிதத்தை உள்ளே வைத்து, அப்புறம்தான் கேஸைத் திறக்க வேண்டும். சிலிண்டரில் வரும் எல்.பி.ஜி. கேஸ் காற்றைவிடக் கனமானது, தாழ்ந்த இடத்தில் தேங்கும். பள்ளத்திலோ நிலவறையிலோ வைக்காதீர்கள். வாடை வந்தால் சோப்பு நுரையை இணைப்புகளில் தடவிப் பாருங்கள், குமிழ் வரும் இடம் ஒழுகும் இடம். சிலிண்டர்மேல் பனி படிந்தால் அதைத் தீயால் சூடாக்கும் எண்ணமே வரக் கூடாது, வேலைக்குச் சிலிண்டர் சிறிதாக இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

கரி உலையில், ஊதியை நிறுத்திவிட்டு மறுபடி போடும்போது குழாயில் வெடித்தால், நிறுத்திய நேரத்தில் எரியாத வாயு பின்னோக்கி ஊதுகுழாயில் நிறைந்திருக்கிறது. சாம்பல் கதவைத் திறந்துவிட்டு மெதுவாக ஊதத் தொடங்குங்கள். இடைவேளையிலும் மெல்லிய காற்று ஓடட்டும். மேலே தீ இல்லாமல் மஞ்சள் புகை மட்டும் சுருண்டால், கொஞ்சம் எரியும் காகிதம் வைத்துப் பற்றவையுங்கள்.

இரும்பு குறட்டிலிருந்து துள்ளி விழுகிறது

விழட்டும். பிடிக்கப் போகாதீர்கள், காலைப் பின்னால் எடுங்கள். இதை வாயால் சொல்லிப் பழகினால் போதாது. குளிர்ந்த துண்டு ஒன்றை வேண்டுமென்றே விழவிட்டுப் பத்துத் தடவை பின்வாங்கிப் பழகுங்கள். கை தானாக நீளும் பழக்கத்தை உடம்பு மறக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் தட்டைவாய்க் குறட்டில் உருண்டைக் கம்பியைப் பிடித்தது. குறட்டின் வாய் துண்டின் முழு நீளத்துக்கும் படிய வேண்டும், நுனியில் மட்டும் கவ்வக் கூடாது. காய்ச்சும் முன் பிடித்து உதறிப் பாருங்கள். தொடக்கத்தில் குறடே வேண்டாம் என்பேன்: 50, 60 சென்டிமீட்டர் கம்பியின் ஒரு முனையில் வேலை செய்து, கடைசியில் வெட்டி எடுங்கள். குறட்டுக் கால்கள் வயிற்றைக் குத்தும் நேர்கோட்டில் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்.

வெண்காரம் போட்டு இரும்போடு இரும்பைப் பற்றவைக்கும்போது முதல் அடியில் உருகிய காரம் நாலாபுறமும் தெறிக்கும். முதல் அடி மெதுவாக. சுற்றி யாரும் நிற்கக் கூடாது. இரும்படிக்கிற இடத்தில் ஈக்கு என்ன வேலை என்ற பழமொழியை அப்படியே கடைப்பிடிக்கலாம். பார்க்க வருபவருக்கும் கண்ணாடி வேண்டும், குழந்தைகளுக்குத் தரையில் ஒரு கோடு வேண்டும்.

சில்லு தெறித்தது

உளியின் தலை காளான்போல் விரிந்திருந்தால் அதைத் தேய்த்து எடுத்த பிறகுதான் அடுத்த அடி. ஒரு சுத்தியலால் இன்னொன்றின் முகத்தில் அடிக்காதீர்கள், வெறும் பட்டடையில் ஓங்கி அடிக்காதீர்கள். இரண்டும் கடினம், கடினமானது உடையும்போது குண்டுபோல் பறக்கும். உயர் கார்பன் எஃகு நிறம் மங்கியபிறகும் அடித்தால் அதுவும் பிளக்கும். மங்கினால் உலைக்குத் திருப்புங்கள். சுத்தியல் தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடுவது ஒரு நாள் வைத்தியம், காய்ந்ததும் முன்னைவிடத் தளரும். ஆப்பை மாற்றுங்கள்.

முழங்கை வலிக்கிறது, காதில் ஊ என்கிறது

முழங்கையின் வெளிப்பக்கம் வலித்தால் சுத்தியல் கனம், அல்லது பிடி இறுக்கம், அல்லது ஆறிய இரும்பை அடிக்கிறீர்கள். தொடக்கத்தில் ஒரு கிலோவோ அதற்குக் குறைவோ போதும். தளர்வாகப் பிடித்து, பட்டடை தரும் எதிர்த்துள்ளலைச் சுத்தியல் தலையைத் தூக்க விடுங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் முஷ்டியாக மடக்கிய விரல் கணு பட்டடை முகத்தைத் தொட வேண்டும், அதுதான் உயரம். வலி மறுநாளும் இருந்தால் சில நாள் நிறுத்துங்கள். தசைநார் வலியை அடித்தே சரிசெய்ய முடியாது.

காதில் ஊ என்று கேட்டால் ஏற்கெனவே அதிகம் கேட்டுவிட்டீர்கள். 85 டெசிபெல்லை எட்டு மணி நேரம் தாங்கலாம் என்றால், ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. மணிபோல் ஒலிக்கும் பட்டடை 100ஐத் தாண்டும். காதடைப்பான் போடுங்கள், பட்டடையின் பின்முனைக்குக் கீழே பெரிய காந்தம் ஒட்டுங்கள், சங்கிலி சுற்றி இறுக்குங்கள். இழந்த கேட்புத்திறன் திரும்பாது.

முடித்துவிட்டுப் போனபின் கருகும் வாடை

துடைப்பத்திலோ மரத்தூளிலோ பொறி போய் உட்கார்ந்திருக்கும். வேலை முடிந்ததும் கிளம்பாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அங்கேயே கருவிகளைத் துடைத்துக்கொண்டு இருங்கள். கிரைண்டர் பொறி விழும் திசையில் எண்ணெய்த் துணி, அட்டை, மரத்தூள் ஏதும் இருக்கக் கூடாது. சாம்பலை உலோக வாளியில் மூடி போட்டு, வெளியே, சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். மேலே ஆறியிருந்தாலும் அடியில் மறுநாள் வரை கனல் இருக்கும், அதனால் கொட்டும் முன் தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பாருங்கள். ஊற்றும்போது முகத்தை விலக்கி வையுங்கள், ஆவி மேலே வரும்.